சிவப்பு விரிப்பும் துருசரின் தொண்டையும்

தன் வாழ்நாளில் ஒரு இரகசியம்கூடச் சொல்லாத மனிதர் இந்த வன்னியில் ஒருவர் இருந்தார் என்றால் அது எங்கள் துருசர்தான். பெரிய உத்தமர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரகசியம் சொல்வதற்கு வேண்டிய குரல் அவரிடம் இல்லை. கடவுள் அவருக்குத் தொண்டை வைத்த நேரம் சத்தத்தைக் கூட்டுகிற திருகை மட்டும் பொருத்திவிட்டு, குறைக்கிற திருகை மறந்துபோனார்.

துருசர் என்பது அவருடைய பெயர் இல்லை. எங்கள் ஊர் ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே, காட்டோரமாக இருக்கிறது. ஊருக்கு ஒரு குளம். குளத்துத் தண்ணீரை வயலுக்கு விடுகிற கதவைத் துருசு என்போம். அதைத் திறப்பதும் பூட்டுவதும் அவர் வேலை. ஆகவே அவர் துருசர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் வேண்டும். ஒருமுறை அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லி, குளக்கட்டில் நின்ற ஆளிடம் விசாரித்தார். அப்படி ஒருவரும் இந்த ஊரில் இல்லை என்று பதில் கிடைத்தது. பதில் சொன்னவர் துருசர். வந்தவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய் மதகையும் தாண்டிய பிறகுதான் துருசருக்குத் தன் பெயர் ஞாபகம் வந்தது. நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்டார். மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது.

எங்கள் பக்கம் யானைத் தொல்லை. மற்ற ஊர்களில் யானைவெடி கொளுத்துவார்கள். எங்கள் ஊரில் துருசர் செருமுவார். ஒருநாள் தனியன் யானை ஒன்று வேலியை முறித்துக்கொண்டு காலை உள்ளே வைத்த நேரம், ஆரடா அது என்று இவர் கேட்டாராம். யானை பதில் சொல்லாமல் வந்த வழியே போய்விட்டதாம். அது எப்படியும் அந்தப் பக்கம்தான் போக இருந்தது, இவர் நடுவில் சத்தம் போட்டுப் பெயர் எடுத்துக்கொண்டார் என்பான் செல்லையா. செல்லையா என் பக்கத்து வயற்காரன். துருசரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பாதியாகக் குறைத்துத்தான் ஒத்துக்கொள்வான். ஆனால் அதற்குப் பிறகு அவனும் யானைவெடி வாங்கியதை நான் காணவில்லை.

செத்தவீடுகளில் அவரை வாசல் படலையோடு மறித்துவிடுவோம். உள்ளே விட்டால் ஆறுதல் சொல்லுவார். ஒரு வீட்டில் அவர் ஆறுதல் சொல்லத் தொடங்க, பறை அடித்துக்கொண்டு நின்றவர்கள் தங்களைத்தான் நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து நிறுத்திவிட்டார்கள். இன்னொரு நாள் கடையடியில் என் தம்பியின் காதுக்குள் ஒரு கலியாணப் பேச்சுப் பற்றிச் சொன்னார். கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சொன்னார். பொத்தி என்ன, அன்று பின்னேரமே மாப்பிள்ளை பகுதியினர் அடுத்த ஊரிலிருந்து வந்துவிட்டார்கள், தாங்கள் கேட்டது சரிதானா என்று விசாரிக்க.

அவருடைய ஒரே மகள் வவுனியாவில் கலியாணம் கட்டி இருக்கிறாள். அவள் தகப்பனுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் போன் வேலை செய்வது குளக்கட்டில் மட்டும்தான். கட்டை விட்டுக் கீழே இறங்கினால் அது நேரம் பார்க்கத்தான் உதவும். துருசருக்கு அதில் ஒரு குறையும் இல்லை, எந்நேரமும் கட்டில்தானே நிற்கிறார். பின்னேரம் மகளோடு அவர் கதைக்கத் தொடங்கினால் வயலில் மேய்கிற கொக்கெல்லாம் எழும்பும். வவுனியாவோடு கதைக்க இவருக்குப் போன் எதற்கு, காற்று அந்தப் பக்கம் அடித்தால் போதாதா என்று ஊரில் பகிடி. அவரோடு போனில் கதைக்கிற எவரும் அதைக் காதில் வைப்பதில்லை. பாம்பின் கழுத்தைப் பிடித்த மாதிரிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் கதைப்பார்கள்.

எனக்கும் அவருக்கும் நெடுகவும் கொழுவல். என் வயல் கடைசி வாய்க்காலில். மேலே எல்லாரும் குடித்து முடிந்து, மிச்சம்தான் எனக்கு வரும். நான் கட்டுக்குப் போய் நியாயம் கேட்பேன். அவர், தண்ணீருக்கு ஏறத் தெரியாது, இறங்கத்தான் தெரியும், அது என் பிழையில்லை என்பார். நான் எங்கள் ஊர் மாதர் சங்கத் தலைவி. அதனால் என்னைத் தலைவர் என்று கூப்பிடுவார். அது மரியாதையா நக்கலா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

எங்கள் சங்கத்துக்குக் கொம்பியூட்டர் வந்தது என்னால். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. எழுத்துக்கூட்டித்தான் நான் வாசிப்பேன். ஆனால் எந்தக் கதிரைக்கு முன்னால் நின்று எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிக் கொண்டுவந்தேன். தந்திமரத்திலிருந்து வயர் இழுத்து இன்ரநெற்றும் தந்தார்கள். தூசி படாமல் இருக்கச் சிவப்புத் துணியில் ஒரு விரிப்புத் தைத்துப் போர்த்தினேன். சங்கக் கட்டடத்தைப் பூட்டுகிற திறப்பு என் இடுப்பில்.

அந்தக் கொம்பியூட்டரில் வேலை செய்தவள் தர்சினி. மாடு வளர்த்துப் பால் விற்றுத் தாய் படிப்பித்த பிள்ளை. கணக்குப் படித்தவள். எத்தனையோ இடங்களுக்கு வேலைக்கு எழுதிப் போட்டாள், ஒருவரும் மறுமொழி போடவில்லை. கடைசியாக யாழ்ப்பாணத்தில் ஒரு கம்பனி கூப்பிட்டது. நேர்முகம் கொம்பியூட்டரில்தான். கொழும்பில் இருக்கிற பெரியவர்கள் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார்களாம். பதினொரு மணிக்கு அவள் திரையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று முதலே சொல்லிவிட்டார்கள். இதுவும் தவறினால், படித்த படிப்பை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, கொழும்பில் மாமன் வேலை செய்கிற புடவைக் கடையில் போய் நிற்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாமன் வந்து கூட்டிக்கொண்டு போகிற நாளும் குறித்தாகிவிட்டது.

நேர்முகத்துக்கு முதல்நாள் பின்னேரம் கொம்பியூட்டரை நிறுத்தும்போதே அது அடம்பிடித்தது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறதாம், நிறுத்த வேண்டாமாம். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தர்சினி வாசித்துச் சொல்ல, நல்லதுதானே, நாளைக்கு உன்னைப் பார்க்க வருகிறவர்களுக்காகக் குளித்து வெளிக்கிடுகிறது, விடு பிள்ளை என்று சொல்லிவிட்டு நான் கதவைப் பூட்டினேன்.

காலையில் அது எழும்பியது. படம் இருந்தது, எழுத்து இருந்தது, இன்ரநெற் மட்டும் இல்லை. மூலையில் இருக்கிற சின்ன உலக உருண்டைக்கு மேல் ஒரு தடை அடையாளம். வயர் குத்தினபடியே இருந்தது. சுவரில் உள்ள பெட்டியில் பச்சை வெளிச்சம் மினுங்கியது. தர்சினி வயரைக் கழற்றிக் குத்தினாள். பெட்டியை நிறுத்திப் போட்டாள். கொம்பியூட்டரை நிறுத்திப் போட்டாள். பிழை தேடச் சொல்லிக் கொம்பியூட்டரையே கேட்டாள். அது கொஞ்ச நேரம் தேடிப்போட்டு, தனக்கு ஒன்றும் அகப்படவில்லை என்றது. களவெடுத்தவனிடமே களவைத் தேடச் சொன்னால் வேறு என்ன சொல்லுவான். பிள்ளை கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். மணி ஒன்பது தாண்டிவிட்டது.

அவள் அழுதது துருசருக்கு எப்படிக் கேட்டது என்று தெரியவில்லை. கட்டிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்றார்.

"என்ன தலைவர், செத்தவீடோ? ஆர் ஆள்?"

"ஒருத்தரும் சாகேல்லை. இன்ரநெற் நிண்டு போச்சு. பதினொரு மணிக்குப் பிள்ளைக்கு நேர்முகம்."

"அது எதுக்குள்ளால வாறது?"

நான் வயரைக் காட்டினேன்.

"அப்ப இது வாய்க்கால் தானே. வாய்க்காலுக்கு ஆராவது அழுவினமோ? தள்ளுங்கோ."

துருசருக்கு உலகத்தில் உள்ள எல்லாமே தண்ணீர்தான். சைக்கிளுக்குக் காற்றுப் போனாலும், ஆளுக்கு இருமல் வந்தாலும், குளத்தடியிலிருந்து கடைசி வயல்வரை நடந்து பார்ப்பதுதான் அவர் அறிந்த வைத்தியம். தந்திமரத்தடிக்குப் போனார். அங்கிருந்து வயரின் கீழேயே அண்ணாந்தபடி நடந்து வந்தார். கூரைக்கு வந்தார், சுவருக்கு வந்தார், பெட்டிக்கு வந்தார். பெட்டியிலிருந்து கொம்பியூட்டருக்குப் போகிற வயர் சுவரோரமாக மூலை மூலையாக வளைந்து போவதைக் கண்டதும் அவருக்கு எல்லாம் வெளித்துவிட்டது. இவ்வளவு வளைவில் எது வரும், ஒவ்வொரு மூலையிலும் நின்று களைத்துப் போகாதா என்று எங்களைப் பேசினார். அடித்திருந்த ஆணிகளைப் பிடுங்கினார். வயரை நேராக இழுத்தார். நேராக இழுத்த வயர் வாசலில்தான் போய் முடிந்தது. ஆகவே மேசையையும் கொம்பியூட்டரையும் தூக்கி வாசலில் வைத்தார். கலியாண வீட்டு நிறைகுடம் மாதிரி வழியை மறித்துக்கொண்டு அது நின்றது. உலக உருண்டையில் தடை அப்படியே இருந்தது.

"இப்ப வரும்," என்றார் துருசர். "வாய்க்கால் வெட்டின உடனை தண்ணி வாறேல்லை. மண் குடிக்கும்."

மண் குடித்து முடிகிற நேரம் எங்களிடம் இல்லை. அப்போதுதான் தர்சினிக்குச் சுகந்தியின் ஞாபகம் வந்தது. சுகந்தி கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்துகிற பெண். இந்தக் கொம்பியூட்டரை வந்து பொருத்தித் தந்ததும் அவள்தான். அவளோடு போனில் கதைத்தால் சொல்லித் தருவாள். ஆனால் போன் குளக்கட்டில், கொம்பியூட்டர் கீழே. கட்டில் நின்று கேட்டு, கீழே ஓடிவந்து செய்து, திரும்ப ஏறிப் போய்ச் சொல்லி, அடுத்ததைக் கேட்டு வருவதென்றால் பொழுதுபட்டுவிடும். நேர்முகத்தையே கட்டில் நின்று போனில் செய்யலாம் என்றாலோ, அங்கே குரல் வரும், முகம் வராது. வந்தாலும் பாதி திறந்த வாயோடு அப்படியே நின்றுவிடும். பிள்ளை அதை முதலே பார்த்துவிட்டாள்.

துருசர் ஒரு யோசனை சொன்னார். கொழும்புக்காரர் கேட்கிற கேள்வியைத் தான் கட்டில் நின்று கேட்டுச் சொல்வாராம், தர்சினி சொல்கிற பதிலைத் திருப்பிச் சொல்வாராம், பெரிய வேலையே இல்லையாம். தர்சினியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, அந்தச் சுகந்திப் பிள்ளை சொல்வதை மட்டுமாவது சொல்கிறேன் என்று இறங்கி வந்தார்.

அது நல்ல யோசனைதான். அவர் கட்டில் நின்று சொன்னால் எங்களுக்குக் கேட்கும், போன் தேவையில்லை. நாங்கள் சொல்வது அவருக்குக் கேட்க வேண்டுமே. அதற்கும் ஊரில் ஒரு வழி இருந்தது. மழையில்லாத சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்து விடும்போது, வயலில் நிற்பவன் கட்டுக்குச் சைகை காட்டுவான். வெள்ளைத் துணியை ஆட்டினால் தண்ணீர் வருகிறது, விடு என்று அர்த்தம். சிவப்பைத் தூக்கினால் போதும், பூட்டு. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. வெள்ளை ஓம், சிவப்பு இல்லை என்று பேசிக்கொண்டோம்.

தர்சினி வாசலில் கொம்பியூட்டருக்கு முன்னால். நான் முற்றத்து வெயிலில். மேடைகளில் மாலை வாங்கிய என் கையில், ஒரு பக்கம் வெள்ளைத் துவாய், மற்றப் பக்கம் சிவப்பு விரிப்பு. துருசர் கட்டில், துருசுச் சக்கரத்துக்குப் பக்கத்தில், போனோடு.

சுகந்தி கேட்பது எங்களுக்குக் கேட்காது. துருசர் சொல்வது ஊருக்கே கேட்டது. பின்னால் வயர் குத்துகிற இடத்தில் வெளிச்சம் எரிகிறதா என்று முதல் கேள்வி வந்தது. எரிந்தது. நான் வெள்ளையை ஆட்டினேன். அப்படியென்றால் வயரில் பிழையில்லை என்று சுகந்தி சொல்லியிருக்கிறாள். அதை மட்டும் துருசர் எங்களுக்குச் சொல்லவில்லை. நேராக்கியதால் சரிவந்துவிட்டது என்று தானாக ஒரு வசனம் சேர்த்துக்கொண்டார். அடுத்ததாகத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று சுகந்தி கேட்டிருக்க வேண்டும். துருசர் அவளுக்குச் சொன்ன மறுமொழி எங்களுக்கு முழுதாகக் கேட்டது.

"பிள்ளை, உப்பிடிக் கேக்காதையுங்கோ. இஞ்ச ஒரு துவாயும் ஒரு விரிப்பும்தான் நிக்குது. அதுகளுக்கு வாசிக்கத் தெரியாது. ஓம் இல்லை எண்டு சொல்லுற மாதிரிக் கேளுங்கோ."

சுகந்தி கெட்டிக்காரி. அதற்குப் பிறகு ஓம் இல்லை என்று சொல்லக்கூடிய மாதிரியே கேட்டாள். தன்னுடைய போனைக் கடை வாசலில் வைத்துவிட்டு உள்ளே நின்று கதைத்ததாகப் பிறகு எனக்குச் சொன்னாள். ரோட்டில் போனவர்கள் நின்று கேட்டார்களாம், யாருக்குச் சண்டை என்று.

இதை அமத்து, அதைத் திற என்று ஒவ்வொன்றாக வந்தது. கொம்பியூட்டருக்குள் இருக்கிற சாமான்களின் பெயரெல்லாம் வரிசையாக வருகிற இடத்துக்குத் தர்சினி போய்விட்டாள். நெற்வேர்க் என்று போட்டதற்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் நிற்கிறதா என்று துருசர் கேட்டார். தர்சினி பார்த்தாள். இல்லை, மாமி என்றாள். நான் சிவப்பு விரிப்பை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன்.

கட்டிலிருந்து சத்தம் வரவில்லை.

துருசர் பேசாமல் இருப்பதென்றால் ஒன்று நித்திரை, இல்லை நெஞ்சுவலி. நான் பயந்துபோய் வெயிலுக்குக் கண்ணைக் கையால் மறைத்துப் பார்த்தேன். மனிதர் குனிந்து நின்று துருசுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். வருசக்கணக்காகச் சிவப்பைக் கண்டால் பூட்டிய கை. சிவப்பைக் கண்டது, பூட்டியது. போன் அவர் காலடியில் கிடந்தது. சுகந்தி கிளிநொச்சியில் தனியாகக் கதைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் நின்றது.

அன்றைக்குத் தண்ணீர் முறை செல்லையாவுக்கு. பாதி வயல் நனையும்போது வாய்க்கால் வற்றிவிட்டது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் வந்து சேர்ந்தான்.

"ஆர் சிவப்புக் காட்டினது?"

நான் தலைவி. விரிப்பை மடித்துக்கொண்டு நின்றேன்.

செல்லையா என்னைப் பார்த்தான், விரிப்பைப் பார்த்தான், பிறகு கட்டைப் பார்த்துத் துருசரைப் பேசத் தொடங்கினான். துருசர் மேலே நின்று திருப்பிப் பேசினார். செல்லையா ஒரு சொல் சொன்னால் அவர் சொல்கிற ஒரு சொல்லில் அது மூழ்கிப் போகும். என் சிறுவயதிலிருந்து நான் கேட்ட தண்ணீர்ச் சண்டைகள் எல்லாவற்றையும் விட இது பெரிதாக வரப்போகிற நேரம், தர்சினி வாசலில் எழும்பி நின்றாள்.

"ஐயா, சண்டையைப் பிறகு பிடியுங்கோ. பத்தரை தாண்டிட்டுது. நான் கடைக்குத்தான் போக வேண்டி வரப்போகுது."

உரத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். செல்லையா என்னிடம் விசயத்தைக் கேட்டான், நான் சொன்னேன். மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுக் கட்டில் ஏறினான். துருசைத் திரும்பத் திறந்தான். திறந்துவிட்டுச் சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான், துருசரின் கை திரும்பவும் அந்தப் பக்கம் வராமல் இருக்க. சிவப்பு இனி வேண்டாம், வெள்ளை ஆடினால் ஓம், ஆடாவிட்டால் இல்லை என்று புதுச் சட்டம் வந்தது.

துருசர் சுகந்தியைத் திரும்பப் பிடித்தார். நெற்வேர்க் என்கிற சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன அம்பு இருக்கிறதாம், அதை அமத்தினால்தான் உள்ளே இருப்பது விரியுமாம். தர்சினி பதற்றத்தில் அதை விரிக்காமலே பார்த்திருக்கிறாள். விரித்தாள். உள்ளே ஒன்றின் தலையில் மஞ்சள் முக்கோணம் குந்திக்கொண்டிருந்தது. நான் துவாயை ஆட்டின ஆட்டில் தோள்மூட்டு இன்றைக்கும் மழைக்கு நோகும்.

இராத்திரித் தன்னைப் புதுப்பித்த நேரம் கொம்பியூட்டர் ஒரு புதுச் சாமானைத் தனக்குள் எடுத்துப் போட்டிருக்கிறது. அந்தப் புதிது இந்தப் பழைய கொம்பியூட்டரோடு ஒத்துவரவில்லை. அதனால் வயர் வந்து நிற்கிறது, வாங்குகிற ஆள் இல்லை. புதியதை அனுப்பிவிட்டுப் பழையதைத் திருப்பிக் கூப்பிட வேண்டும். அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. தர்சினி அதை அமத்தினாள். உடனே கொம்பியூட்டர் ஏன் பழையதைக் கேட்கிறாய், காரணம் சொல்லு என்று கேட்டது. இதைச் சுகந்தி முதலே சொல்லிவைத்திருக்கிறாள் போலும், துருசரின் குரல் வந்தது.

"ஏன் எண்டு கேக்குமாம் பிள்ளை. ஏதாவது ஒண்டை அமத்தட்டாம். நானெண்டா உனக்கென்ன எண்டு கேட்டிருப்பன்."

அமத்தினாள். நிறுத்திப் போடச் சொன்னது. நிறுத்திப் போட்டாள். திரை கறுத்தது. முந்தின நாள் சுற்றிய அதே வட்டம் திரும்பச் சுற்றத் தொடங்கியது. வந்திட்டுதோ என்று கட்டிலிருந்து கேள்வி. துவாய் ஆடவில்லை. வந்திட்டுதோ. ஆடவில்லை. செல்லையாவும் சேர்ந்து கேட்டான், அது கொசு கத்தியது போல இருந்தது. தர்சினி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அந்த வட்டத்தையே பார்த்தாள். எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாவற்றையும் நான் கூப்பிட்டேன். மல்லாவிப் பக்கம் கும்பிடுகிற, எனக்குப் பெயர் மட்டும் தெரிந்த ஒன்றையும் சேர்த்தேன்.

திரை வெளித்தது. மூலையில் உலக உருண்டை இல்லை. அந்த இடத்தில் சின்னக் கொம்பியூட்டர் படம் ஒன்று நின்றது. தடை இல்லை.

"வந்திட்டுது மாமி."

நான் துவாயை ஆட்டினேன். தண்ணி வந்திட்டுது என்று கட்டிலிருந்து துருசர் போட்ட சத்தத்தில் கீழ் வாய்க்கால்காரர் சிலர் மண்வெட்டியோடு வயலுக்கு ஓடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மேசையை உள்ளே தூக்கி வைக்க நேரம் இருக்கவில்லை. நேராக்கிய வயரின் புண்ணியத்தில் பிள்ளையின் நேர்முகம் வாசலில். முன்னால் முற்றம், அதற்கு முன்னால் ஒழுங்கை, அதற்கு முன்னால் ஊர். நாய், மாடு, இயந்திரம், எது சத்தம் போட்டாலும் கொழும்பில் கேட்கும். அவசரமாக அவள் தலையைத் தடவி, சட்டைக் கழுத்தை நேராக்கிவிட்டு, நான் சுவரோரமாக ஒதுங்கினேன். திரையில் இரண்டு முகம் வந்தது. அவள் வணக்கம் சொன்னாள்.

அந்த நேரம் துருசர் ஒழுங்கையால் வந்தார், பின்னால் செல்லையா. துருசர் நல்ல சந்தோசத்தில், கேட்கப்போகிற கேள்வியை வாய் நிறைய வைத்துக்கொண்டு வந்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன். திறந்த வாயை அவர் அப்படியே மூடினார். மூடின வாய்க்குள் அந்தக் கேள்வி படுகிற பாட்டைக் கன்னத்தில் பார்த்தேன்.

பிறகு அவர் செய்ததை ஊரில் சொன்னால் இன்றைக்கும் நம்புகிறவர் குறைவு. செல்லையாவும் நானும்தான் சாட்சி. ஒழுங்கையில் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வந்தது. துருசர் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஓட்டி வந்தவன் ஏன் என்று கேட்க, கையைக் கூப்பிக் கும்பிட்டார். அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கியே நின்றுவிட்டான், துருசருக்குத் தொண்டை போய்விட்டது என்று நினைத்து. பால் சைக்கிள்காரரின் மணியை ஓடிப்போய்க் கையால் பொத்தினார். எல்லாவற்றையும் விட மயில்தான் பெரிய சோதனை. விளாத்தி மரத்தில் வந்து இருந்து கத்துவதற்குக் கழுத்தை நீட்டியது. வேறு நாளென்றால் ஒரு அதட்டல், மயில் அடுத்த மாவட்டத்தில். அன்றைக்கு அவர் அதட்ட முடியாதே. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, என் கையிலிருந்த சிவப்பு விரிப்பைப் பறித்து, அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். விரிப்பை விசுக்குகிறார், குதிக்கிறார், பல்லைக் காட்டுகிறார், ஒரு சத்தம் இல்லை. மயில் அவரை அதிசயமாகப் பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் கத்த மறந்து பறந்து போனது. செல்லையா தன் சால்வையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் போய்விட்டான். சிரிப்பு அடங்கும்வரை திரும்பி வரவில்லை.

துருசர் மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் சுவரில் சாய்ந்தார். திரையில் தர்சினியிடம் ஏதோ கேட்டார்கள். அவள் நிமிர்ந்து இருந்து, யோசித்து யோசித்துச் சொல்லத் தொடங்கினாள். என் காதுக்குப் பக்கத்தில், காய்ந்த நெல்லை உள்ளங்கையால் தள்ளிவிட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"பிள்ளை சொல்லுறாளோ?"

யார் கதைக்கிறது என்று நான் மற்றப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை. அது துருசர்தான். இவ்வளவு காலமும் இந்தக் குரலை எங்கே வைத்திருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. யானைக்கு எடுக்கவில்லை, செத்தவீட்டுக்கு எடுக்கவில்லை, என்னுடைய கடைசி வாய்க்காலுக்கு எடுக்கவில்லை.

"சொல்லுறாள்," என்றேன்.

"வடிவாச் சொல்லுறாளோ?"

"வடிவாச் சொல்லுறாள்."

தலையை ஆட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அவள் முடித்து எழும்பும்வரை அசையவில்லை.

கம்பனிக்குக் கொடுத்தது துருசரின் போன் நம்பரைத்தான். எந்நேரமும் கட்டில் நிற்கிற போன் அது ஒன்றுதானே. சில நாள் கழித்து ஒரு காலையில் கொழும்பிலிருந்து கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் எப்படியான மனிதரோ தெரியாது, அவருடைய காதை நினைத்து நான் வருத்தப்பட்டிருக்கிறேன். தர்சினியின் தாய் மாட்டடியில் பால் கறந்துகொண்டிருந்தாளாம். கட்டிலிருந்து குரல் வந்தது.

"பிள்ளைக்கு வேலை கிடைச்சிட்டுது. திங்கக்கிழமை வரட்டாம். மாமனைக் கடைக்குத் தனியப் போகச் சொல்லுங்கோ."

தாய்க்கு முதல் மாட்டுக்குத்தான் அந்தச் செய்தி விளங்கியது, பால் வாளியை உதைத்து ஊற்றிவிட்டது. தர்சினி படுக்கையிலிருந்து எழும்பி வந்து முற்றத்தில் நின்றபோது ஊரே அவள் வீட்டு வேலியில் நின்றது.

இப்போது அவள் யாழ்ப்பாணத்தில். துருசருக்கு முழங்கால் மடங்காமல் போக, போன வருசம் மகள் வந்து வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். துருசுக்கு வேறு ஆள் வந்துவிட்டார், அமைதியான மனிதர். விசில் ஊதித்தான் கூப்பிடுவார். யானைவெடி திரும்பக் கடைக்கு வந்துவிட்டது. அந்த வயர் இன்றைக்கும் சுவரோரம் போகவில்லை, நட்டநடுவால் நேராகத்தான் போகிறது. வருகிறவர்கள் தடக்கி விழுகிறார்கள். ஆணி அடித்து ஒதுக்கிவிடச் சொல்கிறார்கள். பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பின்னேரங்களில் நான் கட்டில் ஏறி இருப்பேன். சில நாட்களில் துருசர் எனக்குப் போன் எடுப்பார். அங்கே வீடுகள் சுவரோடு சுவராம், பக்கத்து வீட்டார் முறைப்பாடு சொல்கிறார்களாம், எவ்வளவு சொல்லியும் அப்பா குரலைக் குறைக்கிறாரில்லை என்று மகள் என்னிடம் சொல்லிக் கவலைப்படுவாள். அவருக்கு முடியும் பிள்ளை, அந்தச் சின்னக் குரலை எங்கே பாவிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார் என்று நான் சொல்வதில்லை.

எடுத்த உடனே ஒரே கேள்விதான்.

"என்ன தலைவர், கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி வந்திட்டுதோ?"

கொக்கெல்லாம் எழும்பும். பக்கத்தில் இருக்கிற செல்லையா, போனைத் தள்ளிப் பிடியுங்கோ அக்கா, காது போகப் போகுது என்பான். நான் அதைக் காதோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிப் பிடித்துக்கொள்வேன்.